குத்துவோனும் பூண்டோளும்: தனிசாகியின் 'பச்சை குத்துதல்' பற்றிய ஓர் ஆய்வு

ஜப்பானிய உரைநடை ஆசிரியருள் தலைசிறந்தோருள் ஒருவராகிய ஜுனிசிரோ தனிசாகி (1886–1965) தம் இளமையில் எழுதி, 1910 நவம்பரில் வெளியிட்ட சிறுகதை 'ஷிசெய்' என்பதாகும். இப்பெயரை எழுதப் பயன்படும் சீன எழுத்துகள் இரண்டனுள் முன்னது குத்துதலைக் குறிக்கும்; பின்னது நீலமும் பச்சையும் ஒருங்கடங்கிய நிறத்தைக் குறிக்கும். தமிழில் வழங்கும் 'பச்சை குத்துதல்' என்னும் தொடரும் இவ்விரு பொருளையே உடையது. தோலின்கீழ்ச் சென்ற கரிய மை புறத்தே பசுநீலமாய்த் தோன்றுதலை இரு மொழியினரும் தனித்தனியே நோக்கிப் பெயரிட்டனர் போலும். ஆதலின் இக்கதையின் பெயரைப் 'பச்சை குத்துதல்' என்றே யாம் ஈண்டு வழங்குகிறோம்.

இக்கதையைக் கொடுமையில் இன்பம் காணும் உள்ளத்தின் ஓவியம் எனக் கொள்வது திறனாய்வாளரிடைப் பெருவழக்கு. 1911இல் நகாய் கஃபூ என்னும் எழுத்தாளர் தனிசாகியின் தொடக்கக்காலப் படைப்புகளைப் பாராட்டி எழுதியபொழுது, உடலைச் சார்ந்த அச்சத்தினின்று பிறக்கும் மறைபொருள் அழகை அவற்றின் முதற்சிறப்பாக எடுத்துரைத்தார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின்வழி நோக்குவோர் இதனை அச்சமும் மருட்கையும் கலந்து நின்ற நிலை எனலாம். இக்கருத்து தவறன்று, ஆயினும் முழுமையன்று. இக்கதை முதற்கண் ஒரு தொழிலாளியின் கதை. தனக்கென ஒரு தனிநெறியை வகுத்துக்கொண்டு, அதனாற் புகழ்பெற்று, அந்நெறி முற்றுப்பெற்ற நாளில் தன் தொழில்வாழ்வையும் அதனோடு முடித்துக்கொண்ட ஒருவனின் கதை. இவ்வாறு நோக்கினாலன்றி இதன் இறுதிப்பகுதி விளங்காது என்பதே எம் கருத்து.

தொழிலின் களம்

கதை நிகழும் களம் எடோ நகரம். அதாவது, இன்றைய டோக்கியோவின் முன்னைய நிலை. அழகுடையோரே வலியோர், அழகிலார் மெலியோர் என்று கருதிய மக்கள் போட்டியிட்டுத் தம் உடம்பில் வண்ணம் ஏற்றிய காலமாக அதனை ஆசிரியர் அறிமுகம் செய்கிறார். பல்லக்குச் சுமப்போர், சூதாடுவோர், தீயணைப்போர் ஆகியோர் மட்டுமன்றி, நகரத்து வணிகரும், அருகியே எனினும் மறக்குடியினரும் பச்சை குத்திக்கொண்டனர் என்கிறார்.

இது வெறுங் கற்பனையன்று. 1827இல் உத்தகாவா குனியோஷி என்னும் ஓவியர், சீனப் பெருங்கதை ஒன்றில் வரும் 108 வீரரை மரப்பலகை அச்சோவியங்களாக வெளியிடத் தொடங்கினார். அவ்வீரர் பலர் உடல்நிறையப் பச்சை குத்தியவராக அவற்றில் காட்சியளித்தனர். அவ்வோவியங்கள் பெற்ற பேராதரவால் முதுகு முழுவதையும் ஒரே ஓவியப்பரப்பாகக் கொள்ளும் முறை வளர்ந்தது. தாளில் எழுதிய ஓவியநெறியே தோலுக்கும் சென்றது. கதைத்தலைவனாகிய செய்கிச்சி, தொயொகுனி, குனிசாதா ஆகியோர் வழிவந்த ஓவியனாக இருந்து, அந்நிலையினின்று இழிந்து பச்சை குத்துவோன் ஆனவன் என்று ஆசிரியர் கூறுவது இவ்வரலாற்றோடு பொருந்துகிறது. இழிந்தும் அவன் இழக்காதவை இரண்டு. அவை ஓவியனுக்குரிய மனச்சான்றும் கூரிய உணர்வும் ஆகும்.

ஈண்டுக் காலம்பற்றிய ஒரு செய்தியும் கருதற்குரியது. மேனாட்டார் முன் நாகரிகமுடையோராய்த் தோன்ற விழைந்த மெய்ஜி அரசு 1872இல் பச்சை குத்துதலைத் தடைசெய்தது; அத்தடை 1948இல்தான் நீங்கியது. ஆகவே, தனிசாகி இக்கதையை எழுதிய காலத்தில் இத்தொழில் சட்டத்துக்கு மாறானது. தடையுண்ட ஒரு கலையை, அது நகரமே போற்றிய கலையாக இருந்த காலத்தில் வைத்து அவர் காட்டுகிறார். கதைத் தொடக்கத்தில் ஒலிக்கும் ஏக்கம் இதனாலேயே பொருளுடையதாகிறது.

தனிநெறி

செய்கிச்சியின் காலத்தில் இத்தொழிலில் பெயர்பெற்றோர் பலராகக் கதை கூறுகிறது. அவருள் ஒருவன் நிறத்தைப் படிப்படியாக மங்கச்செய்யும் நிழலீட்டில் வல்லவன். மற்றொருவன் செந்நிறக் குத்தில் வல்லவன். செய்கிச்சியின் புகழோ புதுமை வாய்ந்த அமைப்பினாலும் மயக்கும் கோடுகளாலும் வந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரு கூற்றில் தனித்திறம் பெற்று அதனாலேயே அறியப்பட்டனர் என்பது இதனாற் புலனாகும்.

தனிநெறி வாய்த்தவன் விலக்கும் உரிமையையும் பெறுகிறான். தன் மனத்தைக் கவரும் தோலும் உடற்கட்டும் இல்லாதவர்க்குச் செய்கிச்சி ஊசி எடுப்பதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் எவ்வோவியம் எழுதுவது, எவ்வளவு கூலி பெறுவது என்பனவற்றை அவன் விருப்பத்துக்கே விட்டுவிடல் வேண்டும். ஒரு திங்களோ இரு திங்களோ ஊசியின் வேதனையையும் பொறுத்தல் வேண்டும். பொதுவாகக் கைத்தொழிலில் விரும்புவது வாங்குவோன் உரிமை. ஈண்டு அது தொழிலாளியின் உரிமையாகிவிட்டது. செய்கிச்சியின் கொடுமையுள்ளம் என்று திறனாய்வாளர் கூறுவதற்கு முன்னரே, இத்தொழில்முறை அவனுக்கு ஒரு கொடுங்கோன்மையை அளித்துவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

விலக்க விலக்க அவன் நெறி கூர்மையடைகிறது. அதற்கேற்ற பரப்போ குறைந்துகொண்டே செல்கிறது. இறுதியில், தன் உயிரை முழுவதும் குத்திவைத்தற்குரிய ஒரே ஒரு மேனியைத் தேடுவதே அவன் வேட்கையாகிறது. நான்காம் ஆண்டின் கோடையில், உணவுவிடுதி ஒன்றின் வாயிலில் நின்ற பல்லக்கின் திரைக்கீழ்ப் புலப்பட்ட ஓர் அடியைக் கண்டு, தான் தேடியது அதுவே எனத் துணிகிறான். மறு ஆண்டு இளவேனிலில், ஒரு செய்தியோடு அவன் இல்லம் வந்த இளம்பெண்ணே அவ்வடிக்குரியவள். தனிநெறி எய்தும் எல்லை இது. எல்லார்க்கும் எழுதுவோன் வாழ்நாள் முழுதும் எழுதலாம். ஒருவர்க்கே எழுதுவோனுக்கு ஒரு நாளே உண்டு.

காட்சியினின்று விலக்கப்படுதல்

செய்கிச்சியின் மறைவான இன்பம் ஊசியேறும்போது பிறர் படும் துன்பத்தைக் காண்பது. ஆசிரியர் அதனை இரு நிகழ்விடங்களில் வைத்துக் காட்டுகிறார். ஒன்று, குத்தும் பொழுது. மற்றொன்று, நிறம் நன்கு எழும்பொருட்டு வெந்நீரில் நீராடி வரும் பொழுது. நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு குத்துகள் பெற்று நீராடி வந்தோர் அவன் காலடியில் அரையுயிராய் வீழ்ந்து கிடப்பர். அவன் அமைதியாக அவரை நோக்கியிருப்பான்.

இனி, அவன் தலைசிறந்த படைப்பை நோக்குவோம். ஆலந்து மருத்துவரிடம் பெற்ற மயக்கமருந்தை அப்பெண்ணுக்கு அளித்து, ஒரு பகலும் ஓர் இரவும் இடையறாது உழைத்து, அவள் முதுகில் ஒரு பெருஞ்சிலந்தியை எழுதி முடிக்கிறான். அவள் மயங்கிக் கிடத்தலின் முன்னைய வாடிக்கையாளரைப்போல் ஊசியின் துன்பத்தை அவன்முன் உணர்ந்து அரற்றவில்லை. ஆகவே, முதல் நிகழ்விடத்தில் தன் வழக்கமான இன்பத்தைத் தானே போக்கிக்கொள்கிறான். விழித்தபின் அவள் நீராடுகிறாள். வெந்நீர் பட்டு வேதனை மிகும்பொழுது, துன்புறும் தன்னை ஓர் ஆடவன் காண்பதை விரும்பாது, மேல்மாடத்துக்குச் சென்று காத்திருக்குமாறு அவனைப் பணிக்கிறாள். ஆகவே, இரண்டாம் நிகழ்விடத்தில் அவளே அவனை விலக்குகிறாள். விலக்கியே புகழ்பெற்றவன் இப்பொழுது விலக்கப்படுகிறான்.

இவ்விரு விலக்குகளையும் யாம் கதையின் உயிர்நிலை எனக் கருதுகிறோம். கொடுமையில் இன்பம் காண்பவனின் கதையாக மட்டும் இஃது இருந்திருப்பின், இவ்வின்பம் இறுதியில் உச்சம் எய்தியிருத்தல் வேண்டும். மாறாக, அஃது அங்கேயே அவனுக்குக் கிட்டாதொழிகிறது. குத்தி முடித்தபின் அவன் உள்ளம் வெறுமையாயிற்று என்கிறார் ஆசிரியர். கூலியை விருப்பப்படி உறுதிசெய்தவன் அவளிடம் கூலியே கேட்கவில்லை. தன்னிடம் இருந்த ஓவியச்சுருள்களையும் அவளுக்கே கொடுத்துவிடுகிறான். செல்லுமுன் ஒருமுறை அச்சிலந்தியைக் காட்டுமாறு வேண்டுகிறான். தான் எழுதியதைக் காண்பதற்கும் அவள் இசைவு வேண்டியதாகிறது. தாளில் எழுதியிருப்பின் அவ்வோவியம் அவன் இல்லத்தில் இருந்திருக்கும். தோலில் எழுதியதோ தன் காலால் நடந்து சென்றுவிடுகிறது.

ஒரு தடையும் அதன் விடையும்

அவ்வாறாயின், மயக்கி எழுதிய குற்றத்தை இம்முடிவு மறைத்துவிடாதோ என்று தடை நிகழ்த்துவோர் உளர். இத்தடை வலுவுடையது. அவன் முன்னதாக இரண்டு ஓவியங்களை அவளுக்குக் காட்டுகிறான். ஒன்றில் கொலைத்தண்டத்துக்கு உரியவன் ஒருவனை நோக்கியிருக்கும் அரசியும், மற்றொன்றில் மாண்ட ஆடவர் உடல்களை நோக்கி மரத்தடியில் நிற்கும் பெண்ணும் காணப்படுகின்றனர். அப்பெண்களின் இயல்பு அவளுள் உண்டு என்கிறான். அவளும் அஞ்சி நடுங்கியவாறே அதனை ஒப்புக்கொள்கிறாள். இதனைக் கொண்டு, அவளுள் மறைந்திருந்ததையே அவன் வெளிப்படுத்தினான் என்று கூறுவோர், ஊசி வைத்திருப்போனின் கூற்றையே தம் முடிபாக ஏற்றுக்கொள்கின்றனர். அஞ்சி ஒப்பியது வேறு. முதுகை அளித்தது வேறு. ஓவியங்களை அகற்றுமாறும் தன்னை விடுமாறும் அவள் வேண்டினாள் என்பதும் கதையிலேயே உளது.

தொழிலின் இயல்பே இதற்குச் சான்றாகும். ஊசிக்கற்றை கட்டிய கோலைக் கையாற் செலுத்தி முதுகு முழுவதும் எழுதும் ஜப்பானிய முறையில், முதலில் புறக்கோடு, பின்னர் நிழலீடும் நிறமும் எனப் பல அமர்வுகளில் வேலை நிகழும்; அது முடியத் திங்கள் பலவும், சிலபோது ஆண்டுகளும் செல்லும். ஒவ்வோர் அமர்வுக்கும் பூணுவோர் தாமே மீண்டும் வருதல் வேண்டும். அவர்தம் பொறையே அப்படைப்பின் செம்பாதி. அவ்வரவுகள் அனைத்தையும் ஒரு மயக்கத்துள் சுருக்கிய செய்கிச்சி, தன் தொழிலறத்தையே மீறினான். நம் சங்கப் பாடல்கள் கூறும் தொய்யில் குழம்பினால் எழுதப்படுவது, அழியும், அழிந்தபின் மீண்டும் எழுதுதற்கு மீண்டும் இசைவு வேண்டும். அழியாத பச்சைக்கோ இசைவு ஒன்றே. அது முன்னரே பெறப்படல் வேண்டும். பின்னர் அவள் அதனைப் பெருமிதத்தோடு ஏற்றாள் என்பது அக்குறையை நிரப்பாது.

ஆயின், தனிசாகி இதனை அறியாது எழுதினார் என்று யாம் கருதவில்லை. மயக்கத்தால் பறிக்கப்பட்ட பொறையை நீராட்டுக் காட்சியில் அவளுக்கே அவர் மீட்டுத் தருகிறார். அங்கு அவள் தன் துன்பத்தைத் தானே தாங்கித் தன் படைப்பின் செம்பாதியைத் தானே செய்துகொள்கிறாள். தனக்கு முதல் இரையானவன் அவனே என்னும் கருத்துப்பட அவள் கூறுவது அதன் பின்னரே என்பதும் கருதத்தக்கது. இது குற்றத்துக்குக் கழுவாயன்று; குற்றம் செய்தோனை அவன் படைப்பே தண்டித்தலாகும்.

முடிவுரை

1963இல் ஹோவர்டு ஹிபெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதி ஒன்றில் வெளிவந்தும், 1966இல் யசுசோ மசுமுரா இயக்கிய திரைப்படத்துக்கு அடிப்படையாய் அமைந்தும் இக்கதை உலகின் பல பகுதிகளை எட்டியது. பச்சை குத்துதல் மருத்துவர்க்கே உரிய செயலன்று என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் முடிவு கூறியது. அதனால், மருத்துவ உரிமம் இன்மையைக் காட்டி இத்தொழிலாளரைத் தண்டித்தற்கு இடமில்லாதாயிற்று. அம்முடிவு வெளிவந்தபின் இக்கதையைப் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். செய்கிச்சியின் அறையில் மருத்துவத்தினின்று வந்த பொருள் மயக்கமருந்து ஒன்றே. அவன் தொழில் கறைபட்டதும் அதனாலேயே.

தனிநெறி ஒருவனுக்குப் புகழையும், வேண்டாதாரை விலக்கும் உரிமையையும் நல்கும். பிறர் மேனியைத் தன் தாளெனக் கொள்ளும் உரிமையை அது நல்காது. அவ்வெல்லையைக் கடந்த கலைஞன் தன் தலைசிறந்த படைப்பைப் பெற்றான். அதனைப் பெற்ற காலையிலேயே இழந்தான். எழுதியது அவன் கையே எனினும், காலைக்கதிர் பட்டு ஒளிரும் அச்சிலந்தி அவளுடையது.