பத்துக் குறிப்பும் ஒரு இலட்சம் ரூபாவும்

வெள்ளவத்தை பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு சவால் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புத ஆற்றல் எதையாவது செய்துகாட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா. சாத்திரிமாருக்கும் அதில் இடமிருந்தது. கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிறகு கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலும் படிப்பித்த தாவரவியல் ஆசிரியர் அவர். 1978 செப்டெம்பரில் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை. அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ‘எவரும் வெல்லவில்லை’ என்பதிலிருந்து ‘சாத்திரம் பொய்யென்று நிரூபணமாயிற்று’ என்பதற்குப் போவதென்றால் இடையில் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

முதலில் சவாலின் பலம். எது வெற்றி, எது தோல்வி என்பதைச் சோதனைக்கு முன்னரே எழுதிவைத்தார். தீமிதிப்பையே எடுத்துக்கொள்வோம். தணலின்மேல் விறுவிறென்று நடந்துபோகிறவரின் கால் பெரும்பாலும் வேகுவதில்லை. கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் படும் நேரமும் மிகக் குறைவு. கோவூர் நடக்கச் சொல்லவில்லை. அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், கொப்புளம் வரக் கூடாது என்றார். பௌதிகம் விளக்கிவிடுகிற பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கேட்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை வாசிக்கச் சொன்னதும் இதே வகை. ஆறு இலக்கமென்றால், குருட்டாம்போக்கில் சரிவர வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. வாசித்துவிட்டால் தற்செயலென்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

சாத்திரிமாருக்கு வைத்த சோதனைதான் சிக்கலானது. பிறந்த நேரம் நிமிடச் சுத்தமாகக் கணிக்கப்பட்ட பத்துக் குறிப்புகள், பிறந்த இடத்தின் அகலக்கோடு நெடுங்கோட்டோடு தரப்படும். எது ஆணுடையது, எது பெண்ணுடையது, யார் உயிரோடிருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு ஐந்து பிழை பொறுக்கப்படும். குறிப்புக்கு இரண்டு கேள்வியாக இருபது விடை. ஆகவே ஒரேயொரு பிழைக்குத்தான் இடம். காசு சுண்டி விடை சொல்கிறவர் இருபதில் பத்தொன்பதாவது சரியாகச் சொல்ல வாய்ப்பு 1,048,576இல் 21. ஏறக்குறைய ஐம்பதினாயிரத்தில் ஒன்று. ஒருவர் தற்செயலாக வென்றுவிடுவார் என்ற அபாயத்தின் பெறுமதி வெறும் இரண்டு ரூபா. அவர் கட்ட வேண்டிய முன்பணமோ ஆயிரம் ரூபா. பரிசு வைத்தவரின் பணம் பத்திரமாகவே இருந்தது.

உண்மையைத் தேடுகிறவருக்கு இந்தப் பத்திரம் போதாது. நான்கில் மூன்று விடையைச் சரியாகச் சொல்லும் ஆற்றல் உண்மையாகவே ஒரு சாத்திரிக்கு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அது பௌதிகவியலையே புரட்டிப்போடும் செய்தி. ஆனாலும் கோவூரின் சோதனையில் அவர் தேற வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. அறுபது வீதம் சரியாகச் சொல்பவரென்றால் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒன்று. முழுப் பொய்யனையும் அரை ஆற்றல் உள்ளவரையும் இந்தச் சோதனை பிரித்தறியாது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதிய நூலில், பால் முதலில் ஊற்றிய தேநீரைச் சுவையால் அறிவேன் என்ற பெண்ணின் முன் எட்டுக் கோப்பைகளை வைத்தார். எல்லாம் தற்செயலாகச் சரிவர எழுபதில் ஒரு வாய்ப்பு. சோதனையைப் பெருப்பித்தால் நுண்ணிய ஆற்றலும் தெரியவரும் என்பதையும் அங்கேயே பேசினார். கோவூர் கோட்டை உயர்த்தினார். குறிப்புகளின் தொகையைக் கூட்டவில்லை.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சாத்திரம் கேட்கப் போகிறவர் 95 வீதத்தை நம்பிப் போவதில்லை. ‘பத்துச் சொன்னால் ஆறு பலிக்கும்’ என்ற அளவில்தான் கலியாணப் பொருத்தமும் பயணத்துக்கு நாளும் பார்க்கப்படுகின்றன. போரில் காணாமல் போன பிள்ளையின் குறிப்பைக் கொண்டுபோய் ‘இருக்கிறானோ, இல்லையோ’ என்று கேட்ட தாய்மார் இருக்கிறார்கள். கோவூர் சோதனையில் வைத்த கேள்வி அதுவேதான். ‘இருக்கிறான்’ என்ற பதில் பிழைத்ததா என்று அறியவே அவர்களிற் பலருக்கு வழியில்லை. பிழையென்று ஒருநாளும் காட்ட முடியாத பதிலைக் காசுக்குக் கொடுப்பது கொடுமை. அந்தத் தாயிடம் போய் ‘ஒரு இலட்சத்தை எவரும் வெல்லவில்லை’ என்றால் அவருக்கு அது பதிலாகாது. சாத்திரியின் சொல், காசு சுண்டுவதைவிட எவ்வளவு மேல்? அந்த எண்ணைத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கலாம். வானியலாளர் ஜயந்த் நார்லிகர் 2008இல் மகாராஷ்டிரத்தில் செய்துகாட்டினார். படிப்பில் சிறந்த நூறு பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய நூறு பிள்ளைகள், ஆக 200 சாதகங்கள். 27 சோதிடர்கள் ஆளுக்கு நாற்பது பார்த்து, எது எந்த வகைப் பிள்ளையுடையது என்று சொன்னார்கள். சராசரியாக 46 வீதம் சரி. ஒரு சோதிட நிறுவனம் இருநூறையும் பார்த்தது, 102 சரி. இருநூறு என்ற தொகைதான் இங்கே முக்கியம். தற்செயலாக 112 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு இருபதில் ஒன்று அளவில் இருக்கும். உண்மையாகவே அறுபது வீத ஆற்றல் உள்ளவரோ பத்துக்கு ஒன்பது தடவை அந்தக் கோட்டை எட்டிவிடுவார். 102 அதற்கு வெகு கீழே. ‘பத்துக்கு ஆறு’ என்ற நம்பிக்கைக்கு இது நேரடியான பதில். ஆயினும் நார்லிகரின் எண்கள் ஆய்விதழோடு நின்றுவிட, கோவூரின் பெயரோ சனங்களின் வாயில் இருந்தது. அவருடைய அனுபவக் குறிப்பொன்று 1973இல் ‘மறுபிறவி’ என்ற தமிழ்ப் படமாகவும் வந்தது. ஆய்விதழால் முடியாத ஒரு வேலையை அந்தச் சவால் செய்தது.

‘இருக்கிறாரா, இறந்துவிட்டாரா’ என்ற கோவூரின் கேள்வியைக் கொழும்பில் திரும்ப எடுப்பதென்றால் ஒரு ஓட்டையை அடைக்க வேண்டும். பிறந்த நேரத்தோடு ஆண்டும் வருகிறது. 1880இல் பிறந்தவர் இறந்துவிட்டார் என்று சொல்லக் கிரகம் பார்க்கத் தேவையில்லை. குறிப்புக்குரிய இருநூறு பேரும் ஓரிரு ஆண்டுகளுக்குள் பிறந்தவர்களாக இருக்க வேண்டும். பாதிப்பேர் இருப்பவர், பாதிப்பேர் இறந்தவர். விடைத்தாள், குறிப்புகளைக் கையளிப்பவருக்கே தெரியாமல் வேறிடத்தில் பூட்டியிருக்க வேண்டும். இணைந்த கணிதம் படிக்கிற உயர்தர மாணவர்களே மிச்சத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். இருபது சாத்திரிமார் வந்தால் ஒருவர் தற்செயலாகவே 112ஐத் தொடக்கூடும். அவருக்குப் புதிதாக இன்னொரு 200 குறிப்பு கொடுக்க வேண்டும். அதிலும் தொட்டால், அந்த முடிவை மறைக்காமல் அச்சிட்டு, மூன்றாவது இருநூறைத் தேடத் தொடங்க வேண்டும்.