விடைப் பக்கம் கிழிந்த புத்தகம்

வெளிவராத நூலுக்கு விமரிசனம் எழுதுவோரும் உண்டோ என நேயர்கள் வினவலாம். உண்டு. நெடுங்கதை ஒன்றின் ஒரு பாகத்தைப் படித்து முடித்தவர்கள், அடுத்த பாகம் அச்சேறுமுன்னரே, இன்னார் மடிவர், இன்ன இரகசியம் வெளிப்படும் என்று காரணங் காட்டி வாதாடுகின்றனர். வேலையற்றோரின் வேலை என்று கற்றோர் சிலர் இதனை எள்ளி நகையாடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஜோசியன் காரணம் சொல்வதில்லை, பொய்த்தால் வெட்கப்படுவதுமில்லை. ஊகிக்கும் வாசகனோ, தான் படித்த பக்கத்தைச் சான்றாக விரித்து வைக்கிறான். அடுத்த பாகம் வந்து தன் கூற்று பிழையெனக் கண்டால் அதனைக் கைவிடுகிறான். இது பகுத்தறிவின் வேலையேயன்றி வேறன்று.

ஆயினும் அந்தப் பகுத்தறிவு எங்கே இடறுகிறது என்பதையும் காணவேண்டும். அதற்கு அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் இயற்றிய ‘தி டார்க் டவர்’ என்னும் கருங்கோபுரக் கதையை எடுத்துக்கொள்வோம்.

1970ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயது இளைஞராயிருந்தபோது கிங் இக்கதையைத் தொடங்கினார். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1855இல் வெளியிட்ட ரோலண்டைப் பற்றிய பாட்டு ஒன்று, டோல்கீனின் மாயப் பெருங்கதை, இத்தாலியரான செர்ஜியோ லியோனி 1966இல் எடுத்த கௌபாய்ப் படம் ஆகிய மூன்றும் அதற்கு விதைகள். ஆகவே இதில் மந்திரவாதியும் உண்டு, ரிவால்வரும் உண்டு. அரச வமிசத்தில் வந்த கடைசித் துப்பாக்கி வீரன் ரோலண்ட், கறுப்பு உடைக்காரன் ஒருவனைப் பாலைவனத்தில் துரத்திச் செல்கிறான். உலகங்கள் அனைத்தையும் தாங்கி நிற்கும் கோபுரத்தை அடைவதே அவன் நோக்கம். அதன் உச்சி அறையில் இருப்பது யார்? முதற் பாகத்தின் முடிவிலேயே இக்கேள்வி எழுப்பப்படுகிறது.

முதற் பாகம் பத்திரிகையில் ஐந்து கதைகளாக வந்து, 1982இல் சிறு பதிப்பகமொன்றின் வாயிலாகக் குறைந்த பிரதிகளே நூலாயின. அடுத்த ஆண்டு கிங்கின் வேறொரு நாவலில், அவர் எழுதிய நூல்களின் பட்டியலில் இப்பெயரும் இடம்பெற்றது. உடனே கடிதங்கள் வந்து குவிந்தன. அப்படியொரு நூல் எங்கே கிடைக்கும் என்பதே எல்லாக் கடிதங்களின் கேள்வியும். இல்லாத ஊருக்கு வழி கேட்டாரில்லை. இருக்கும் ஊரை யாரோ மறைத்துவிட்டார்கள் என்றே முறையிட்டனர்.

இரண்டாம் பாகம் 1987இலும் மூன்றாம் பாகம் 1991இலும் வெளிவந்தன. மூன்றாவதன் முடிவுதான் நமக்கு வேண்டியது. ரோலண்டும் அவன் தோழர்களும் தானே பேசும் ஒரு ரயிலில் அகப்பட்டுக்கொள்கின்றனர். ரயிலுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தனக்கு விடை தெரியாத விடுகதை ஒன்றைப் போட்டால் அவர்களை உயிரோடு விடும். இல்லையேல் தன்னையும் அழித்து அவர்களையும் அழிக்கும். போட்டி தொடங்குகிறது, புத்தகம் முடிந்துவிடுகிறது! நான்காம் பாகம் 1997இல்தான் வந்தது. 1996இல் கிங்கின் வேறு இரு நாவல்களைச் சேர்த்து வாங்கியோருக்கு, அதன் தொடக்க அத்தியாயங்கள் மட்டும் சிறு பிரசுரமாகக் கொடுக்கப்பட்டன. பசித்தவன் முன் பாயசத்தைக் கரண்டியளவு நீட்டிய கதைதான்.

இடைப்பட்ட ஆண்டுகளில் வாசகன் கையிலிருந்த சான்றுகள் எவை? ரோலண்ட் விடுகதையில் வல்லவர் நிறைந்த அரசவையில் வளர்ந்தவன். அங்கே திருவிழாக்களில் போட்டி நடக்கும், வென்றவனுக்கு வாத்து பரிசாகும். தோழர்களுள் ஒருவனான ஜேக் என்னும் சிறுவனிடம் விடுகதைப் புத்தகம் ஒன்றிருந்தது. அதன் விடைப் பக்கங்கள் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தன. நாமும் அந்தப் புத்தகத்தையே நம்பினோம். இல்லாவிடில் ரோலண்டின் குலக்கல்வி காப்பாற்றும் என்று எண்ணினோம். விடைப் பக்கம் கிழிந்த புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவன் ஜேக் மட்டுமல்லன். ஆறாண்டுக் காலம் வாசகன் நிலையும் அதுவே.

நான்காம் பாகத்தில் நடந்தது என்ன? ரோலண்டின் விடுகதைகள் அனைத்துக்கும் ரயில் விடை கூறிவிட்டது. புத்தகத்திலிருந்த கடினமானவையும் தோற்றன. கடைசியில் வென்றவன் எட்டி. யார் இந்த எட்டி? நியூயார்க்கின் புரூக்ளினில் அபினி வகைப் போதைக்கு அடிமையாகிக் கிடந்தவன், ரோலண்டால் இழுத்துவரப்பட்டவன், ஓயாமல் பரிகாசம் பேசி ரோலண்டின் கடிந்துரைக்கு ஆளானவன். கோழி ஏன் சாலையைக் கடந்தது என்னும் ரகத்து அசட்டுக் கேள்விகளை அவன் அடுக்கினான். அறிவுக்குள் அடங்கும் வினாக்களுக்கே பழகிய இயந்திரம், அறிவற்ற வினாக்களின் முன் திணறிச் சிதைந்தது.

இதில் நம்மை நாணச் செய்வது ஒன்றுண்டு. இந்த விடை மறைக்கப்பட்டிருக்கவேயில்லை. மூன்றாம் பாகத்திலேயே எட்டி அத்தகைய பரிகாசம் ஒன்றைச் சொல்கிறான். அது விடுகதையே அன்று என ரோலண்ட் வெறுத்துத் தள்ளுகிறான். நாம் அப்பக்கத்தைப் படித்தோம். ரோலண்டோடு சேர்ந்து நாமும் தள்ளினோம்! வமிசமும் குருகுலமும் உடையவன் சொல்லில்தான் விடை இருக்கும், போதைக்காரன் பிதற்றலில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம், சமத்துவம் பேசும் நம் உள்ளத்திலும் ஒளிந்திருந்தது. சான்று போதாமையால் பொய்த்த ஊகமன்று இது. சான்று சொன்னவனை மதியாமையால் பொய்த்தது.

நிற்க. ஊகிக்கும் உரிமை ஒன்று. முடிவைக் கேட்டு வாங்கும் உரிமை மற்றொன்று. கிங் 2003ஆம் ஆண்டு திருத்திய முதற் பாகத்தின் முன்னுரையில் இரு கடிதங்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று, புற்றுநோயால் நாள் எண்ணிக்கொண்டிருந்த மூதாட்டி எழுதியது. மற்றொன்று, மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி எழுதியது. கதை முடியும்வரை தாம் இருக்கப்போவதில்லை, முடிவைச் சொன்னால் எவரிடமும் சொல்லமாட்டோம் என்பதே இருவர் வேண்டுகோளும். சொல்ல ஆசைதான், ஆனால் முடிவு தமக்கே தெரியாது என்கிறார் கிங், எழுதினால்தான் தெரியவருமாம். கல் நெஞ்சன் என்று சிலர் கூறக்கூடும். நமக்கு இது நேர்மையாகவே படுகிறது. ஆசிரியன் அருள்வாக்குப் பெற்றவனல்லன். அவனும் விடைப் பக்கம் கிழிந்த புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறான்.

1999 ஜூன் 19ஆம் நாள், மெய்ன் மாநிலத்துச் சாலையோரம் நடந்துகொண்டிருந்த கிங்கை வேன் ஒன்று மோதி எறிந்தது. உயிர் தப்பியவர், எஞ்சிய மூன்று பாகங்களை 2003 நவம்பருக்கும் 2004 செப்டம்பருக்கும் இடையில் வெளியிட்டார். அவற்றில் தம்மையும் ஒரு பாத்திரமாக நுழைத்து, அவ்விபத்தையும் கதையாக்கியது நமக்கு உவப்பாயில்லை. அச்சுறுத்தி வந்த செந்நிற அரசன், நாக்கறுபட்ட இளைஞன் ஒருவன் வரைந்த சித்திரத்தில் ரப்பரால் அழிக்கப்பட்டு ஒழிவதும் ஏமாற்றமே. எந்த வாசகனின் ஊகமும் இதைவிடச் சிறந்திருக்கும்.

ஆனால் உச்சி அறை வேறு. அங்கே கடவுள் இல்லை, அரக்கனும் இல்லை. கதவைத் திறந்த ரோலண்ட், எல்லாவற்றையும் மறந்து, முதற் பாகத்தின் பாலைவனத்திலேயே மறுபடி நிற்கிறான். இதற்கா இத்தனை ஆண்டு காத்திருந்தோம் எனப் பலர் சினந்தனர். பிறவிச் சக்கரத்தையும் விதியையும் காட்டி மக்களை மடக்கி வைக்கும் கதைகளை நாமும் வரவேற்பவரல்லோம். அவ்வுலகில் விதிக்குக் ‘கா’ என்று பெயரிட்டு, தொட்டதற்கெல்லாம் அதன்மேல் பழிபோடுவதும் சலிப்பூட்டுகிறது. எனினும் சினந்தோர் ஒன்றைக் கவனியாது விட்டனர். இம்முறை அவன் இடுப்பில் ஓர் ஊதுகொம்பு இருக்கிறது. முன்னொரு போர்க்களத்தில், குனிந்து எடுக்கவும் நேரமின்றி, மாண்ட நண்பனருகே விட்டுவந்த கொம்பு அது. சக்கரம் அப்படியே சுழலவில்லை. ஒரு பல் மாறியிருக்கிறது. விதியானால் அதை யார் மாற்றினார்?

கொம்போடு செல்பவன் வேறு முடிவைக் காண்பானா என்னும் வாதம் அன்றே தொடங்கிவிட்டது. 2012இல் கிங் மேலும் ஒரு நூல் வெளியிட்டார். அது நான்காம், ஐந்தாம் பாகங்களுக்கு இடையில் நடந்த கதை. கொம்பைக் கொண்டு போனவன் என்னவானான் என்பதை அது சொல்லவில்லை.