ஆளுவோர் யார்: அதிகாரம் பற்றிய சமூகவியல் மரபுகள்

அரசியல் அதிகாரம் சமூகத்தில் எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்பதில் சமூகவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. உற்பத்திச் சாதனங்கள் யாருக்கு உடைமையோ அவர்களுக்கே அரசும் பணிசெய்யும் என்றார் மார்க்ஸ். மாக்ஸ் வேபர் இதை ஏற்கவில்லை. வர்க்கம், சமூக மதிப்பு, கட்சி மூன்றையும் அவர் தனித்தனியே வைத்துப் பார்த்தார். பணமும் மதிப்பும் அதிகாரமும் ஒரே கையில் சேரலாம், சேராமலும் போகலாம். இத்தாலியின் மோஸ்காவும் பரேட்டோவும் எந்த ஆட்சியிலும் ஆளும் சிறுபான்மை ஒன்று இருந்தே தீரும் என்றனர். ராபர்ட் மிக்கெல்ஸ் 1911இல் வெளியிட்ட நூல், சமத்துவம் பேசிய ஜெர்மானிய சமூக ஜனநாயகக் கட்சியிலேயே தலைமை சிலரிடம் இறுகிப்போனதைக் காட்டியது.

பெருங்கோட்பாடுகளாக இருந்த இவற்றை ஊர் ஊராகப் போய்ச் சோதித்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். பிளாய்ட் ஹண்டர் அட்லாண்டாவுக்கு மாற்றுப்பெயர் சூட்டி 1953இல் ஒரு நூல் எழுதினார். ஊர் நிலவரம் அறிந்தவர்களிடம் செல்வாக்குள்ளோர் யார் என்று கேட்டு, நாற்பது பேரின் பட்டியலைத் தயாரித்தார். அதில் வணிகர்களும் வங்கியாளர்களும் தொழில் நிறுவனத் தலைவர்களுமே மேலோங்கி நின்றனர். ரைட் மில்ஸ் 1956இல் நாடு முழுவதற்குமான சித்திரத்தைத் தந்தார்: பெருநிறுவனம், ராணுவம், மத்திய நிர்வாகம் ஆகிய மூன்றின் உச்சியில் இருப்போர் ஒன்றிணைந்த அதிகார மேட்டுக்குடி.

செல்வாக்குள்ளோர் யார் என்று கேட்டுப் பட்டியலிடும் முறையையே ராபர்ட் டால் மறுத்தார். செல்வாக்கு உள்ளவர் என்று பெயரெடுப்பது வேறு, அதைச் செலுத்துவது வேறு. முடிவுகளை ஆராயாமல் ஆளும் குழு உண்டு என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். நியூ ஹேவன் நகரில் நகரச் சீரமைப்பு, பொதுக்கல்வி, கட்சி வேட்பாளர் தேர்வு ஆகிய மூன்று துறைகளில் முன்மொழிந்தவர் யார், தடுத்தவர் யார், வென்றவர் யார் என்று கணக்கெடுத்தார். ஒரு துறையில் வென்றவர்கள் பெரும்பாலும் மற்றவற்றில் தென்படவில்லை. அதிகாரம் பல குழுக்களிடையே சிதறிக் கிடக்கிறது என்ற பன்மைவாதத்துக்கு 1961இல் வந்த அவரது நூல் தூணாக நின்றது. டாம்ஹாஃப் அதே நகரத்தை மறுபடி ஆராய்ந்து, சீரமைப்பில் வணிகர்களுக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த பங்கை டால் குறைத்து மதிப்பிட்டார் என்று 1978இல் வாதிட்டார். பெயரைக் கேட்டவருக்குச் சிறுகுழுவும், முடிவை எண்ணியவருக்குப் பல குழுக்களும் கிடைத்ததைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

முடிவுக்கே வராத விஷயங்களை என்ன செய்வது? பக்ராக், பாரட்ஸ் இருவரும் 1962இல் எழுப்பிய இந்தக் கேள்வியே இத்துறையின் மிகக் கூர்மையான கேள்வி. மேத்யூ கிரென்சன் 1971இல் அதற்கு ஒரு சான்று தந்தார். இந்தியானா மாநிலத்தில் அருகருகே உள்ள இரு எஃகு நகரங்களில், ஈஸ்ட் சிகாகோ 1949இலேயே காற்று மாசைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றிவிட்டது. கேரி நகரம் 1962 வரை இயற்றவில்லை. கேரியை உருவாக்கியதே யு.எஸ். ஸ்டீல் நிறுவனம், ஊருக்கே சோறு போட்டது அதன் ஆலை. அந்நிறுவனம் சட்டத்தை வெளிப்படையாக எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. அதற்கு இருந்த பேரே பேச்சு எழாமல் பார்த்துக்கொண்டது. டாலின் அளவுகோலை அங்கே வைத்தால், சண்டையே நடக்காததால், நிறுவனத்துக்கு அதிகாரமே இல்லை என்றாகிவிடும்! புகையைச் சுவாசித்தவர்கள் அதை ஒப்புவார்களா?

ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் இன்னும் ஒரு படி போனார்: மக்களின் விருப்பங்களையே வடிவமைப்பதும் அதிகாரம்தான். ஆனால் மக்களின் உண்மையான நலன் இதுவென்று தீர்மானிப்பது யார் என்ற சிக்கலுக்கு அவர் தந்த விடை முழு நிறைவு தரவில்லை.

வேபரின் முப்பிரிவைத் தமிழ்மண்ணில் வைத்துப் பார்த்தவர் ஆந்த்ரே பெத்தேய். தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றுக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் இட்டு, 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றி நூல் எழுதினார். முன்பு அக்கிரகாரத்து மிராசுதார்களிடம் மூன்றும் ஒருசேரக் குவிந்திருந்தன. வாக்குரிமையும் கட்சிகளும் வந்தபின் அதிகாரம் பிராமணரல்லாதாரிடம் நகர்ந்தது. ஊராட்சித் தலைமையும் அவர்களிடம் போனது. நிலம் வைத்திருப்பதைவிட, ஆள் பலமும் கட்சித் தொடர்பும் இங்கே கூடுதலாக எடுபட்டன. சேரியில் வாழ்ந்த ஆதிதிராவிடர்களுக்கோ வாக்கு இருந்தும், ஊர் அதிகாரத்தில் கிடைத்த பங்கு அப்போது சொற்பமே.