கவ்வாத்து விதைக்குள் இறங்காது

வத்தேகமவில் இருந்து பன்வில வழியாக ஏறும் பஸ் மடுல்கெல்லவை நெருங்க நெருங்க, இரண்டு பக்கமும் தேயிலை மலைதான். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவு அது. நிரை நிரையாகச் செடிகள், எல்லாமே இடுப்பளவு, தலைப்பக்கம் மட்டம் பார்த்து வைத்தாற்போல் ஒரே தளம். லயத்தில் பிறந்து இந்த மலையைப் பார்த்தே வளரும் பிள்ளைக்குத் தேயிலை என்றால் அந்தத் தட்டையான பச்சை மேசைதான்.

ஆனால் தேயிலை ஒரு மரம். வெட்டாமல் விட்டால் அசாம் வகை 10 மீற்றரையும் தாண்டி வளரும். சீன வகை அவ்வளவு போகாது என்றாலும் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். இடுப்பளவில் நிற்பது அதன் குணம் அல்ல, கவ்வாத்துக் கத்தியின் வேலை. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கடினமான பாடங்களில் ஒன்று, பிறப்போடு வந்தது எது, பிறகு வந்து சேர்ந்தது எது என்பது. அதற்கு இந்த மலையை விடப் பெரிய கரும்பலகை வேறெங்கும் கிடைக்காது.

உயர் வகுப்பு விஞ்ஞானத்தில் 'தலைமுறையுரிமை' என்ற கனமான பெயரோடு வரும் விஷயம் இது. ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடத்தில் மரமும் பறவையும் வீடும் பேசப்படும்போதே இதற்கான கேள்விகள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த வயதில் பிள்ளைகள் இதில் எவ்வளவு தெளிவாக இருக்கிறார்கள் என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். 1991இல் சூசன் கெல்மனும் ஹென்றி வெல்மனும் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பன்றிகளோடு வளர்ந்த கன்றுக்குட்டியின் கதையைச் சொல்லிக் கேட்டார்கள். அது பெரிதானதும் மாட்டைப் போலத்தான் கத்தும் என்று பெரும்பாலான பிள்ளைகள் சரியாகவே சொன்னார்கள். 1996இல் கிரெக் சொலமன் குழுவினர் ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டில் வளர்ந்த பையனின் கதையைச் சொல்லிக் கேட்டபோது நிலைமை மாறியது. உடலின் சாயல் பெற்றவரிடம் இருந்தும், நம்பிக்கைகள் வளர்த்தவரிடம் இருந்தும் வரும் என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல ஏழு வயதுக்குக் குறைந்தவர்களில் பலரால் முடியவில்லை. மாடு என்றால் தெளிவு, மனிதன் என்றால் குழப்பம். நல்ல ஆசிரியை பாடத்தை மனிதரில் தொடங்காததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. 'அம்மாவைப் போல் உன்னில் என்ன இருக்கிறது, எழுதி வா' என்று வீட்டு வேலை கொடுப்பது வழக்கம். தோட்டப்புறத்தில் அம்மா மத்திய கிழக்கில், அப்பா கொழும்பில், பிள்ளை அம்மாயியிடம் என்ற குடும்பங்கள் ஏராளம். தாய் முகத்தைப் போனில் மட்டுமே பார்க்கும் பிள்ளைக்கு அந்த வீட்டு வேலை ஒரு முள். தேயிலைக்கு அப்படி யாரையும் குத்தத் தெரியாது.

எனவே முதல் பாடப்பொருள் தேயிலை விதை. கொழுந்து பறிக்கும் செடியிலும் ஓரங்களில் பூ வரும். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். மூன்று பிரிவாகப் புடைத்த பச்சைக் காய்க்குள் கபில நிறத்தில் கோலிக்குண்டு போன்ற விதைகள். இந்த விதையைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'இதன் தாய்ச்செடியைப் பல தடவை கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள். இதை நட்டால் குட்டையாக வளருமா, உயரமாக வளருமா?'

வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். பெரிய மேதைகளும் பிரிந்து நின்ற இடம் அது. வாழ்நாளில் உடலுக்கு நேர்ந்த மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்ற எண்ணம் நெடுங்காலம் உலகில் இருந்தது. 1880களில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வைஸ்மன் வெள்ளெலிகளின் வாலை வெட்டி, அவற்றின் குட்டிகளின் வாலையும் வெட்டி, ஐந்து தலைமுறை பார்த்தார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வாலில்லாமலோ குட்டை வாலோடோ பிறக்கவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தை மலை அளவுக்குப் பெரிதாக்கினால் மடுல்கெல்ல. எலி வாலுக்குப் பதிலாக இங்கே தேயிலைத் தலை. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த நாளில் இருந்து, சில வருடங்களுக்கு ஒருமுறை என்று கத்தி விழுந்துகொண்டே இருக்கிறது. விதை மட்டும் இன்றைக்கும் மரமாகத்தான் முளைக்கிறது.

காலக்கணக்கிலும் ஒரு சுவை இருக்கிறது. பட்டாணிச் செடிகளை வைத்துத் தலைமுறையுரிமையின் விதிகளைக் கண்ட கிரெகர் மெண்டல் தன் கட்டுரையை அச்சில் பார்த்தது 1866இல். மறு வருடம், 1867இல், இதே கண்டி மாவட்டத்தில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஒருவர் செய்ததை மற்றவர் அறிய வழியே இல்லை. டெய்லர் 1892இல் இறந்து கண்டி மகய்யாவையில் அடக்கமானபோதும் மெண்டலின் கட்டுரையை உலகம் கண்டுகொண்டிருக்கவில்லை. அதற்கு 1900 வர வேண்டியிருந்தது.

இரண்டாவது பாடப்பொருள் இலை. பழைய விதைத் தேயிலை மலையில் பத்துச் செடியில் பத்து இலை, வீபீ மலையில் பத்துச் செடியில் பத்து இலை பறித்து இரண்டு குவியலாகத் தரையில் பரப்ப வேண்டும். முதல் குவியலில் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், ஒன்று கரும்பச்சை, ஒன்று மஞ்சள் ஓடியது. தேயிலை பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தத்தால்தான் காய்க்கும், அதனால் ஒவ்வொரு விதைச்செடியும் தனி ஆள். இரண்டாவது குவியலில் பத்தும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். வீபீ என்பது ஒரு தாய்ச்செடியின் கிளையை ஒரு இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக நறுக்கி, நாற்றுமேடையில் வேர்விட வைத்த கன்று. அதில் தகப்பன் கிடையாது. தாயே மறுபடியும் தாயாக முளைக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இப்படியான வகைகளில் புகழ்பெற்றது 2025 என்ற இலக்கம் கொண்டது. எதிர் மலையில் நின்று பார்த்தால்கூட இந்த வேறுபாடு தெரியும். விதைத் தேயிலை மலை ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி, வீபீ மலை ஒரே சாயத்தில் முக்கிய சேலை மாதிரி. 'நூலைப் போல சேலை' என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கண்ணால் காணும் இடம் அது.

கெட்டிக்கார ஆசிரியை இதோடு விடமாட்டார். ஒரே வீபீ வகையில் நிழல்மரத்தடியில் நிற்கும் செடியின் இலையையும் வெயிலில் காயும் செடியின் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். நிழலில் இலை பெரிதாக, மெல்லியதாக இருக்கும். தாய் ஒன்றுதான், இலை இரண்டு விதம். பிறப்பும் வளர்ப்பும் இரண்டு பெட்டி, எல்லாவற்றையும் ஒன்றில் போட்டு மூடிவிடலாம் என்று நினைத்த பிள்ளை இங்கே திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பைப் போக்க அவசரப்படாமல் இருப்பதில்தான் இந்தக் கலையின் மெருகு இருக்கிறது.

அடுத்து வருவது வாத்தும் கோழியும். அடைகாக்கும் கோழியின் கீழே வாத்து முட்டை வைத்துப் பொரிக்கவைக்கும் வீடுகள் உண்டு. குஞ்சுகள் கோழியின் பின்னால்தான் திரியும். ஆனால் கானில் தண்ணீர் ஓடினால் நேரே இறங்கிவிடும், வளர்த்த தாய் கரையில் நின்று கதறும். கண்டவுடன் அம்மா என்று ஒட்டிக்கொண்டது பார்த்துப் பழகியது. தண்ணீரில் இறங்கியது யாரும் சொல்லாதது. ஒரே குஞ்சில் இரண்டும்.

பிறகுதான் மனிதர். அதிலும் முதலில் அம்மாயியின் காது. பழைய தலைமுறைப் பெண்கள் சிலருக்குக் காது தோள்வரை தொங்கும். சிறு வயதில் துளையிட்டு, பாரம் போட்டுப் போட்டு வளர்த்த காது அது. மகளுக்கு அப்படி இல்லை, பேத்திக்குச் சின்னக் கம்மல் துளை. காதுகுத்து நடக்காத தம்பிக்கு அதுவும் இல்லை. கையில் பச்சை குத்திய பாட்டிக்குப் பச்சையோடு பிள்ளை பிறந்ததா என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். சிரிப்போடு வைஸ்மனின் எலியும் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நாக்கைக் குழலாக மடிக்கச் சொல்லும் வேடிக்கையை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அது முழுக்கப் பரம்பரை என்று பல பாடங்களில் வந்துகொண்டிருக்கிறது. 1940இல் அப்படிச் சொன்னவர் ஆல்பிரட் ஸ்டர்டெவன்ட் என்ற பெரிய மரபியலாளர். ஆனால் உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு மடிய, மற்றவருக்கு மடியாத நேர்வுகளை 1952இல் பிலிப் மட்லொக் காட்டினார். அம்மாவுக்கு மடியாத நாக்கு தனக்கு மடிகிறதே என்று ஒரு பிள்ளை வீட்டில் போய்க் குழம்ப வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வியின் சொல்லும் முக்கியம். 'பிறந்தபோதே இருந்ததா?' என்று கேட்டால் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். பல் பிறந்தபோது இல்லை, அப்பாவின் மீசையும் இல்லை. 'யாராவது செய்தார்களா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?' என்று கேட்டால் பல் தன்பாட்டில் வந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மொழியும் இந்தக் கேள்வியில் பிடிபடும். வீட்டில் தமிழ், பஸ்ஸில் சிங்களம் என்று மாற்றி மாற்றிப் பேசும் பன்விலப் பக்கத்துப் பிள்ளைக்கு, நாக்கு தன்னுடையது, பேச்சு பக்கத்தில் இருந்தவர்கள் தந்தது என்று விளங்கப் பாடநூல் தேவையில்லை.

கடைசிப் பாடப்பொருள் அம்மாவின் கை. இந்தப் பாடம் தோட்டத்தில் வேறெங்கும் இல்லாத கனத்தைப் பெறுவது இங்கேதான்.

ஒரு மூத்த தொழிலாளியின் கையை நிரையில் நின்று பார்க்க வேண்டும். படங்கு இடுப்பைச் சுற்றி, கூடையின் கயிறு தலையில். மட்டக்கம்பைச் செடியின் மேல் படுக்கப் போடுகிறார். கம்புக்கு மேலே எழுந்து நிற்பவற்றில்தான் அவர் கண். பெருவிரலும் சுட்டுவிரலும் அரும்புக்குக் கீழே இரண்டாவது இலையைத் தாண்டிப் போய், தண்டு எங்கே இளசோ அங்கே மடக்குகின்றன. நகம் படுவதில்லை. 'டக்' என்று ஒடியும் இடம் விரலுக்குத் தெரிகிறது. வலக்கை ஒடிக்கும்போது இடக்கை அடுத்ததைத் தேடிவிட்டது. ஒடித்தது உள்ளங்கையில் சேர்கிறது, ஆனால் கசங்கக் கூடாது. கசங்கினால் அங்கேயே இலை சிவக்கத் தொடங்கி, தொழிற்சாலையில் நடக்க வேண்டியது வழியிலேயே நடந்துவிடும். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் ஒரு வீச்சு, திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த சுற்றுக்கு விட வேண்டியதை விடுவது, சரிவில் கால் ஊன்றுவது எல்லாம் அதே நொடியில். ஏறத்தாழ ஏழு நாளில் இதே செடிக்கு மறுபடி வர வேண்டும் என்பதும் அந்தக் கையின் கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எத்தனை ஆயிரம் ஒடிப்பு என்று எண்ணிப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

இந்தக் கையைப் பார்த்து 'அது அவங்க ரத்தத்துல ஊறினது' என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. குலத்தொழில் கற்காமலே பாதி வந்துவிடும் என்ற பழமொழியும் துணைக்கு வரும். பாராட்டு போலத்தான் இருக்கும். 1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் ஏற்றுமதித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பெண்களின் வேகமான விரல் இயற்கை தந்தது என்கிறார்கள். உண்மையில் அது சிறு வயதில் இருந்து வீட்டில் பெற்ற பயிற்சி. பயிற்சி கண்ணுக்குத் தெரியாததால் அதைத் திறமை என்று கணக்கெடுப்பதில்லை, கூலியும் அதற்கேற்பக் குறைகிறது. அவர்கள் தேயிலையைப் பற்றி எழுதவில்லை. மடுல்கெல்ல மலையில் வைத்துப் படித்தாலும் ஒரு சொல் மாற்ற வேண்டியிருக்காது.

எனவே 'யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?' என்ற அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டு வரும்படி பிள்ளையை அனுப்பலாம். யார் காட்டித் தந்தது, முதல் நாள் எத்தனை கிலோ, மடுவத்தில் நிறுக்கும்போது யார் ஏசினார்கள், விரல் எத்தனை நாள் வெடித்திருந்தது என்று பதில் வரும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தில் தன்னை விட்டுவிட்டு மலைக்குப் போனவள் ஒரு வித்தையைக் கற்றவள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவரும். கற்றது என்றால் இன்னொன்றையும் கற்கலாம் என்பதும் கூடவே தெரியும். அதை வாயால் சொல்லாமல் விளங்கவைக்கும் ஆசிரியைதான் இந்தக் கலையில் தேர்ந்தவர்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். முதலாம் தரத்துப் பிள்ளைகள் வந்ததும் தேயிலை விதை ஒரு பிடி பொறுக்குங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதை எறிந்து, மூழ்குவதைப் பாடசாலை வளவின் ஒரு மூலையில் ஊன்றுங்கள். கத்தி படாமல் பார்த்துக்கொண்டால், அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் தரத்துக்கு வரும்போது அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கும். விதையைச் சேர்த்து வைக்க மட்டும் வேண்டாம். உலர்ந்தால் சில வாரங்களிலேயே அது முளைக்கும் திறனை இழந்துவிடும்.