இசையின் தரமும் சந்தையின் தரமும்

கலை இலக்கியத் துறையிலே அடிக்கடி அடிபடும் சொற்கள் யாவும் பொருட்டெளிவுடன் வழங்குவனவல்ல. ‘தரம்’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. இலக்கியத்தில் தரம் யாது என்பதுபற்றி நாம் பலகாலும் வாதிட்டு வந்திருக்கின்றோம். இன்று அதே சொல் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே, பாட்டின் பெயருக்கு அருகே, ஒரு முத்திரையாகக் காட்சியளிக்கின்றது. ‘உயர்தரம்’, ‘இழப்பற்றது’, ‘மூலப்பதிவின் தரம்’ என்றெல்லாம் இசைவழங்கும் நிறுவனங்கள் பறைசாற்றுகின்றன. மாதச் சந்தா செலுத்தும் ஆசிரியரும் மாணவரும் இச்சொற்களை நம்பியே செலுத்துகின்றனர். எனவே, இத்தரத்தை அளந்தவர் யார், எந்தக் கோலால் அளந்தார் என ஆராய்வது விமர்சனத்தின் பணிக்குப் புறம்பானதன்று.

முதலில் அளவுகோலை நோக்குவோம். 1980ஆம் ஆண்டிலே பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் இறுவட்டுக்கென ஒரு நியமத்தை வகுத்தன. அதன்படி ஒலியலை செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்படுகின்றது; ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளிற் பதியப்படுகின்றது. இவ்வெண்கள் மனம்போனபடி தெரிந்தெடுக்கப்பட்டவையல்ல. நல்ல செவியுடைய இளைஞர் ஒருவர் கேட்கக்கூடிய அதியுயர் மீடிறன் ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். ஓர் அலையை முழுமையாக மீட்டெடுக்க அதன் மீடிறனைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அளத்தல் போதும் என்பது கணித உண்மை. ஆகவே இந்நியமம் மனிதச் செவியின் எல்லையைத் தழுவியே அமைந்தது. இடம், வலம் ஆகிய இரு தடங்களுக்கும் சேர்த்துச் செக்கனுக்கு 1,411 கிலோபிட் இதற்கு வேண்டியிருந்தது.

இணையம் மெதுவாகவும் சேமிப்பிடம் அருமையாகவும் இருந்த 1990களில் இவ்வளவு பெரிய கோப்பை எவராலும் அனுப்ப முடியவில்லை. அப்போது வழக்கிற்கு வந்ததே எம்.பி.3. உரத்த ஒலியொன்றின் அருகே மெல்லிய ஒலி செவிக்குப் புலப்படாது என்ற உண்மையை ஆதாரமாகக் கொண்டு, புலப்படாதவற்றை அது நீக்கிவிடுகின்றது. பெரிய நூலொன்றைச் சுருக்கி எழுதுவதுபோன்ற காரியம் இது. சுருக்கியபின் விட்டவற்றை மீட்க முடியாது. 2001இல் வெளிவந்த ஃபிளாக் வேறுவகையானது. துணியை மடித்துப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது அப்படியே விரிப்பதைப்போல, ஒரு பிட்டும் குறையாமல் அது மூலத்தை மீட்டுத் தரும். ‘இழப்பற்றது’ என்ற சொல்லின் நேர்மையான பொருள் இதுவே.

இதுவரை அறிவியலே பேசிற்று. இனிமேல் வணிகம் பேசத் தொடங்குகின்றது. செக்கனுக்கு 192,000 தடவை, தடவைக்கு 24 பிட் என்று எண்கள் ஏறின. எண் கூடினால் இசையும் கூடும் என்ற எண்ணம் விதைக்கப்பட்டது. ஆனால் நிகழ்ந்த பரிசோதனைகள் கூறுவதென்ன? 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேயர், மொரான் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயர் எண்ணுடைய பதிவுகளையும், அவற்றையே இறுவட்டு நியமத்தினூடாகச் செலுத்தியபோது கிடைத்த ஒலியையும் கேட்போர்முன் மாறிமாறி ஒலிக்கச் செய்தனர். 554 சோதனைகளில் 276இல் மட்டுமே கேட்டோர் சரியாக இனங்கண்டனர். நாணயத்தைச் சுண்டி விடை கூறினும் இதே பேறு கிட்டும். 2016இல் ரீஸ் என்பவர் 18 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது சிறியதொரு வேறுபாடு உண்டென்றும், பயிற்சி பெற்றோரிடம் அது சற்று மிகும் என்றும் கண்டார். அதனையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆயின் பயிற்சி பெற்ற செவிகள் அமைதியான அறையில் அரிதாக உணரும் ஒன்றை, பேருந்தின் இரைச்சலுக்குள் நிற்பவருக்கு விற்பதை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது?

கைத்தொலைபேசியில் இம்முரண்பாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது. 2016இல் அப்பிள் நிறுவனம் தன் புதிய தொலைபேசியிலிருந்து ஹெட்போன் துளையை அகற்றிற்று. வேறு பல நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. கம்பியில்லா ஹெட்போன் பெருகிற்று. 2021இல் அதே நிறுவனம் இழப்பற்ற இசையை வழங்கத் தொடங்கியபோது, புளூடூத் வழியாக அது இழப்பற்றதாகச் செவியை வந்தடையாது என்பதையும் தானே ஒப்புக்கொண்டது. புளூடூத்தின் பெரும்பாலான முறைகள் பாட்டை மறுபடியும் சுருக்கியே அனுப்புகின்றன. அவற்றுள் மேம்பட்டதெனப்படும் சோனியின் எல்டாக் முறைகூட உச்ச நிலையிற் செக்கனுக்கு 990 கிலோபிட்டையே தாங்கும். வாசலில் முழு நூலையும் வாங்கி, வீட்டினுள்ளே அதன் சுருக்கத்தைப் படிப்பது போன்றதே இது.

விலையின் வரலாறும் நோக்கற்பாலது. 2014இல் டைடல் என்ற சேவை இழப்பற்ற இசைக்கு மாதம் 19.99 டொலர் அறவிட்டது. சாதாரணச் சந்தாவின் இருமடங்கு அது. 2019இல் அமேசானும் மேலதிகக் கட்டணத்துடனேயே இதனைத் தொடங்கிற்று. 2021 மே மாதத்தில் அப்பிளும் அமேசானும் ஒரே நாளில் மேலதிகக் கட்டணம் இல்லையென அறிவித்தன. அதே ஆண்டு பெப்ரவரியில் வாக்களித்த ஸ்பொட்டிஃபை, 2025 செப்டெம்பரிலேயே அதனை நிறைவேற்றிற்று. ஒரே நாளில் மறைந்துவிடக்கூடிய கட்டணம் உற்பத்திச் செலவினால் எழுந்ததென்று கருதுவது கடினம். ‘நான் மற்றவரைவிட நுண்ணிய ரசிகன்’ என்ற பெருமிதத்துக்கே அவ்விலை அறவிடப்பட்டது எனக் கூறுதல் மிகையாகாது.

இவ்வணிகத்தின் இயல்பை எம்.கியூ.ஏ. என்ற முறையின் வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. பிரித்தானிய நிறுவனமான மெரிடியன் 2014 டிசெம்பரில் இதனை அறிவித்தது. கலையகத்தில் ஒலித்த மூலப்பதிவே உங்கள் செவிக்கு வருகின்றது என்பது இதன் வாக்குறுதி. அதற்குச் சான்றாகக் கருவியில் ஒரு விளக்கும் ஒளிர்ந்தது. 2017இல் டைடல் இதனை ஏற்றுக்கொண்டது. உண்மையில் இம்முறை மூலத்தின் ஒவ்வொரு பிட்டையும் மீட்டுத் தருவதன்று. மேலும், இதன் உள்ளமைப்பு தனியுடைமை. பதிவை ஆக்குவோர், வழங்குவோர், கருவி செய்வோர் ஆகிய ஒவ்வொரு படியினரும் உரிமம் பெறல் வேண்டும். 2021இல் ஆர்வலர் ஒருவர் தாமே ஆக்கிய சோதனை ஒலிகளை அச்சேவையில் ஏற்றி, வெளிவந்ததை மூலத்துடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றல்ல எனக் காட்டினார். அவ்வொலிகள் இசையல்ல என்பதே உடைமையாளர் தரப்பின் மறுமொழியாயிற்று. 2023 ஏப்ரலில் எம்.கியூ.ஏ. நிறுவனம் நிருவாகியின் பொறுப்புக்குட்பட்டது. 2024 யூலையில் டைடல் இம்முறையைக் கைவிட்டு ஃபிளாக்கிற்குத் திரும்பிற்று.

வென்றது எது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஃபிளாக்கிற்கு உரிமக்கட்டணம் இல்லை. அதன் அமைப்பை எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம். ஜோஷ் கோல்சன் என்பவர் தொடங்கிய இம்முயற்சி 2003 முதல் பொதுநல அமைப்பொன்றின் அரவணைப்பில் வளர்ந்து, 2024 டிசெம்பரில் இணையத்தின் பொது நியமங்களுள் ஒன்றாகவும் பதியப்பட்டது. விளக்கெரித்துச் சான்று கூறவேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை. மூலமும் பிரதியும் ஒன்றா என்பதை எவரும் தம் கணினியிலேயே சரிபார்க்கலாம். பொதுவுடைமையான ஒன்று தரத்திற் குறைந்ததாகவே இருக்கும் என்ற பழைய வாதம் இங்கு பொய்த்துப் போயிற்று.

எனவே தரம் என்பதே வெறும் மாயை, கிடைத்ததைக் கேட்டால் போதும் என்று முடிவு செய்யலாமா? அவ்வாறு கூறுவோருடன் நாம் உடன்படவில்லை. எளியவருக்கு எளிய ஒலி போதும் என்பது அக்கறைபோலத் தோன்றினும், அடிப்படையில் அலட்சியமே. நல்லிசையை நன்றாகக் கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமையுண்டு. ஆனால் அதற்கான வழி விளம்பரம் காட்டும் வழியன்று.

பாட்டு எவ்வாறு பதியப்பட்டது என்பதே முதலாவது. ஒலியை இயன்றமட்டும் உரப்பாக்கி, மென்மைக்கும் உரப்புக்குமுள்ள வேறுபாட்டை நசுக்கிய பதிவை எந்த எண்ணும் காப்பாற்றாது. அடுத்தது ஹெட்போன். செவியில் நன்கு பொருந்தும், கம்பியுடைய, நடுத்தர விலை ஹெட்போன் ஒன்று தரும் முன்னேற்றத்தை எந்த உயர்சந்தாவும் தராது. துளையற்ற தொலைபேசிக்கு ஒரு சிறு இணைப்பி போதும். மூன்றாவது செயலியின் அமைப்பு. பல செயலிகள் தொலைபேசி வலையமைப்பிலே தரத்தைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. அதனை நாமே திருத்தலாம். ஒரு மணிநேர இசை, செக்கனுக்கு 320 கிலோபிட் அளவில் 144 மெகாபைட். சுருக்காத இறுவட்டு அளவில் 635. ஃபிளாக்கில் அதன் பாதி முதல் மூன்றிலிரண்டு பங்கு வரை. டேட்டாவை எண்ணிச் செலவிடுவோர் நூலகத்திலோ வீட்டிலோ வைஃபை உள்ளபோது தரவிறக்கிவைத்து, வழியில் 320இல் கேட்பாராயின் இழப்பது மிகச் சொற்பம்.

அவ்வாறாயின் இழப்பற்ற பதிவுக்கு உண்மையான பயன் யாது? அது கேட்பதிலன்று, காப்பதிலேயே தங்கியுள்ளது. சுருக்கியதை மீண்டும் சுருக்குந்தோறும் ஒலி தேயும். இழப்பற்ற பிரதி நூறாவது தடவையும் மூலமாகவே நிற்கும். சந்தா நின்ற மாதமே வாடகைப் பாட்டு நம்மைவிட்டுப் போய்விடுகின்றது. நமது கோப்பு நம்முடனேயே இருக்கின்றது. நம் கிராமங்களில் இன்றும் நாட்டார் பாடலையும் கூத்துப் பாடலையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் உளர். அவர்களின் குரலை மாணவர்கள் கைத்தொலைபேசியிற் பதிந்து, பேச்சுக்கென இறுகச் சுருக்கும் செய்திச் செயலியில் அனுப்பி, அத்துடன் மறந்துவிடுகின்றனர். அதே தொலைபேசியில் கட்டணமில்லாச் செயலியொன்றைக் கொண்டு இழப்பற்ற முறையிற் பதிந்து, பாடியவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து, இரண்டு இடங்களிற் பேணிவைக்க எந்தச் சந்தாவும் வேண்டியதில்லை.

நிறுவனங்கள் தரத்தை எண்ணாக்கி நமக்கு விற்கின்றன. அந்த எண்ணின் பொருளை அறிந்து, அதே கருவியை நம் மக்களின் இசையைப் பேணும் கருவியாக்குவது ஆசிரியரும் மாணவரும் ஒன்றுசேர்ந்து இன்றே தொடங்கக்கூடிய பணியாகும்.