ஆசான் இல்லாத மரம்

மந்தைவெளி என்னும் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்ற நம்மில் எத்தனை பேர் அதன் பொருளை எண்ணிப் பார்த்திருப்போம்? மயிலாப்பூரின் மாடுகள் மந்தையாகத் திரண்டு மேய்ந்த வெளி என்பதை அப்பெயரே சொல்லுகிறது. இன்று மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. சற்றுத் தொலைவில், 1516 என்னும் ஆண்டைத் தன் கல்வெட்டில் தாங்கி நிற்கும் பிரகாச மாதா ஆலயத்தைப் பெரியவர்கள் 'காட்டுக் கோயில்' என்றே அழைத்துவந்தார்கள். அந்தக் காடும் இல்லை. இடம் மறைந்து பெயர் மட்டும் எஞ்சுகிறதே, அது நினைவா, அல்லது பொருளிழந்த வெறும் ஒலியா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நூல்களைச் சேர்த்துப் படித்துப் பார்ப்போம்.

முதல் நூல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் கஸ்தோன் பஷ்லார் 1957-இல் வெளியிட்ட 'வெளியின் கவிதையியல்'. அஞ்சல் துறை ஊழியராக வாழ்வைத் தொடங்கி, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்தவர் அவர். நினைவு காலத்தில் தங்குவதில்லை, இடத்தில்தான் தங்குகிறது என்பது அவர் கூறும் அடிப்படைக் கருத்து. ஆண்டுகளை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் பிறந்த வீட்டின் படிக்கட்டைக் கால்கள் மறப்பதில்லை. வீடுதான் மனிதனுக்கு வாய்க்கும் முதல் உலகம். அதன் நிலவறை, மேல்மாடம், அலமாரி, மூலை முடுக்கு ஆகிய ஒவ்வொன்றும் நம் அகவாழ்வின் ஓர் அறையாகிறது.

இதைப் படிக்கையில் நாம் சிறுவயதில் குடியிருந்த ஓட்டு வீடு கண்முன் வந்து நிற்கிறது. நிலவறை நமக்கு இல்லை. ஆனால் பரண் இருந்தது. பழைய பித்தளைப் பாத்திரங்களும், கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபங்களைப் பொதிந்துவைத்த பெட்டியும் அங்கேதான் இருந்தன. டிசம்பர் மாதத்தில் ஏணி வைத்து அந்தப் பெட்டியை இறக்கும் நேரம், ஆண்டின் மிகப் பெரிய நேரம். அந்த வீடு இடிக்கப்பட்டு அடுக்கு மாடிக் குடியிருப்பாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாரிஸ் நகரத்தார் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளில் வாழ்கிறார்கள் என்று பஷ்லார் அன்றே வருந்தினார். மந்தைவெளித் தெருக்களில் நடந்தால் அவ்வருத்தம் நமக்கும் விளங்கும்.

எனினும் பஷ்லாரின் நூலில் ஒரு குறை உண்டு. அவர் காணும் மனிதன் பெரும்பாலும் தனியன். மெழுகுவத்தியின் முன் அமர்ந்து தன் பழைய வீட்டைக் கனவு காண்பவன். இன்பம் தரும் வெளியையே தாம் ஆராய்வதாக அவரே ஒப்புக்கொள்கிறார். பகை சூழ்ந்த வெளியைப் பற்றியும், பலருக்கும் பொதுவான முச்சந்தியைப் பற்றியும் அவர் அதிகம் பேசுவதில்லை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நம்மை அழைத்துச் செல்லும் நூல் நம் மொழியிலேயே இருக்கிறது. அதுதான் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'.

'சரஸ்வதி' இதழில் தொடராகத் தொடங்கி, 1966-இல் நூலாக வெளிவந்த இந்நாவலின் நாயகன் மனிதன் அன்று. நாஞ்சில் நாட்டு நகரமொன்றின் முச்சந்தியில் நிற்கும் புளியமரம். ஒரு காலத்தில் அது குளத்தின் நடுவே நின்றது. மன்னரின் வருகையையொட்டிக் குளம் தூர்க்கப்பட்டது. பின்னர்ச் சாலைகள் வந்தன, கடைகள் வந்தன. அருகிலிருந்த காற்றாடித் தோப்பு அழிந்து பூங்காவாயிற்று. இறுதியில் வணிகர் இருவரின் பகையிலும் நகராட்சித் தேர்தல் அரசியலிலும் சிக்கி, எவருக்கும் எத்தீங்கும் செய்யாத அம்மரம் நஞ்சிடப்பட்டுப் பட்டுப்போகிறது.

இந்நாவலைப் பற்றி வாசகர் சிலர் கூறும் குறை ஒன்றுண்டு. முற்பகுதியில் தாமோதர ஆசான் இளைஞர்களைச் சுற்றி அமர்த்திக்கொண்டு கதை சொல்லும் அழகு, பிற்பகுதியில் இல்லை. ஆசான் மறைந்தபின் கதை சிதறிவிடுகிறது என்பார்கள். சிதறல் உண்மைதான். ஆனால் அதைக் குறையென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. நாவலின் உட்பொருளே அந்தச் சிதறலில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆசான் இருந்தவரையில் அம்மரத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. தூர்ந்துபோன குளம் அவர் வாய்மொழியில் மீண்டும் நிறைந்தது. செல்லத்தாயியின் துயரமும் அவர் சொல்லியே நமக்குத் தெரியவருகிறது. அவர் போனபின் மரத்தைப் பற்றிப் பேசியவை பத்திரிகையும், நகராட்சியும், தேர்தல் மேடையும். அவை மரத்தின் விலையைப் பேசின, இடையூறைப் பேசின. அதன் கதையைப் பேசவில்லை. கதை கேட்கப்படாத மரத்தைக் கொல்லுவது எளிது. நஞ்சு வேரில் இறங்குமுன்பே, ஊராரின் மறதி அங்கு இறங்கிவிட்டது.

பஷ்லாருக்கு நாவலாசிரியர் கூறும் மறுமொழி இதுவென்றே கொள்ளலாம். இடம் தானாக நினைவைக் காப்பதில்லை. ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க, அந்த இருவருக்கிடையேதான் இடம் உயிர் வாழ்கிறது. நாவலுக்கும் ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், அந்த முச்சந்தியில் பெண்களின் குரல் மிக அரிதாகவே கேட்கிறது. செல்லத்தாயி தன் கதையைத் தானே சொல்லியிருந்தால் ஆசான் சொன்னதுபோலவே இருந்திருக்குமா என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இவ்விடத்தில் புனித அகுஸ்தினார் நம் நினைவுக்கு வருகிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில், நினைவைப் பரந்த வயல்களாகவும் விசாலமான மாளிகையாகவும் அவர் காண்கிறார். அதன் அறைகளில் தேடித் தேடி, இறைவா, நீர் இதில் எங்கே வாழ்கிறீர் என்று வினவுகிறார். பஷ்லாருக்கு ஏறத்தாழ பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே நினைவை ஒரு வீடாகக் கண்டவர் அவர். ஆனால் அதற்கு முந்திய ஒன்பதாம் பகுதியில் அவர் கூறும் நிகழ்ச்சியே நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கிறது. அன்னை மோனிக்கா தம் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே தம்மையும் அடக்கம் செய்ய வேண்டுமென்று நெடுங்காலம் விரும்பியிருந்தார். 387-இல், கடல் கடந்த ஒஸ்தியா நகரில் நோயுற்றுக் கிடந்தபோது அந்த விருப்பத்தைக் கைவிட்டார். உடலை எங்கும் புதைக்கலாம், இறைவனுக்கு எந்த இடமும் தொலைவில்லை என்றார். மக்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: எங்கிருந்தாலும் பீடத்தண்டையில் தம்மை நினைக்க வேண்டும்.

அப்படியானால் இடம் முக்கியமில்லையா? புளியமரத்துக்காக நாம் வருந்துவது வீணா? அவ்வாறு பொருள்கொள்வது பிழை. மோனிக்கா இடத்தை விட்டுக்கொடுத்தார், நினைப்பவர்களை விட்டுக்கொடுக்கவில்லை. தம்மைப் பற்றிச் சொல்ல மகன் இருக்கிறான் என்னும் நம்பிக்கையில்தான் அவரால் ஊர்மண்ணைத் துறக்க முடிந்தது. அம்மகன் சொன்னதனால்தான் இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மந்தைவெளியில் அமர்ந்து நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம். புளியமரத்துக்கோ அத்தகைய மகன் இல்லாமற்போனான். நாவலாசிரியரே பின்னர் அந்த மகனாக வந்து வாய்த்தார்.

ஆகவே நம் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. மந்தைவெளியில் 2004-இல் பறக்கும் இரயில் நிலையம் வந்தது. பின்னர் மெட்ரோ இரயிலுக்காகச் சாலைகள் தோண்டப்பட்டன. மாற்றத்தைத் தடுக்க நம்மால் இயலாது. அதன் பயனை நாமும் அனுபவிக்கிறோம். ஆனால் மாறுமுன் இங்கே என்ன இருந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டோமா? கேட்டதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

நவம்பர் 2-ஆம் நாள் மாலையில், நம் பகுதிக்கு அருகேயுள்ள குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லுகிறவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். கல்லறைகள் நெருக்கமானவை, கால் வைக்கவும் இடமிராது. மலர் தூவி மெழுகுவத்தி ஏற்றும் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளை கேட்கும்: "இது யாரு பாட்டி?" பாட்டி காற்றுக்குச் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லத் தொடங்குவார். தாமோதர ஆசான் அங்கே அமர்ந்திருப்பதை நாம் அப்போது காண்கிறோம்.