விலை கொடுத்தவர்கள்

1992 டப்ளின் அறிக்கையில் நான்கு கோட்பாடுகள். நீரைக் கொண்டுவருவதிலும் காப்பதிலும் பெண்களுக்கே மையப் பங்கு என்கிறது மூன்றாவது. நீர் ஒரு பொருளாதாரப் பண்டம் என்கிறது நான்காவது. பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை ஒன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தியாவின் 2012 தேசிய நீர்க்கொள்கை நான்காவதைப் பிடித்துக்கொண்டது: குடிநீர், சுகாதாரம் போன்ற முதல் தேவைகள் போக மிஞ்சியதற்கு விலை வைத்தால்தான் வீணாகாதாம்.

பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் நின்று இதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சேலம் நகரத்தின் தாகத்துக்காக உருவான ஏரி. மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் நகரம் இதை மறந்தது, சீமைக்கருவேலம் மண்டியது. ஓர் ஏரியையே வீணாக்கியதற்கு எந்த மீட்டர் ஓடியது?

கொள்கை வீண்செலவைத் தேடி வீட்டுக்குள் வருகிறது. அங்கே அகப்படுபவள் பெண். அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கும், பாத்திரம் கழுவியதை வாழைக்கும் ஊற்றுகிறவளுக்குச் சிக்கனப் பாடம்! கட்டணம் ஏறினால் முதலில் குறைவது அவள் குளியல், மாதவிடாய் நாட்களிலும்.

நீச்சல் குளத்துக்கும் குளிர்பான ஆலைக்கும் விலையை ஏற்றுங்கள், மறுக்கமாட்டேன். வீட்டுக்கு வரும்போதுதான் கணக்கு பிசகுகிறது. தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் முன்பண மீட்டர் பொருத்தினார்கள். இணைப்புக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். தீர்ந்தால் குழாய் தானே அடைத்துக்கொள்ளும். உள்ளே ஐந்து பேரா, பதினைந்து பேரா என்று மீட்டர் கேட்காது. வழக்குத் தொடுத்த ஐவரில் நால்வர் பெண்கள். 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மீட்டரின் பக்கமே நின்றது.